கேள்வியில் தொடங்குவதா, பாசேஜில் தொடங்குவதா?

புதுக்கோட்டை மாவட்டத்து பிளஸ் டூ மாணவருக்குப் பெரிய கல்வி நிலையங்கள் தூரத்தில் இல்லை. திருச்சிக்குப் பக்கத்தில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிழக்கே போனால் திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம். முதலாவதற்குக் கிளாட் (CLAT) நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், இரண்டாவதற்கு க்யூட் (CUET). இரண்டிலுமே, முன்பின் பார்த்திராத ஒரு பாசேஜைக் கொடுத்து அதைப் புரிந்துகொண்டாயா என்று கேட்கிறார்கள். கைடில் உள்ள பதிலை நெட்டுருப் போட்டுப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் தேறிவிட்ட பிள்ளை தடுமாறும் இடம் இதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் சொல்லித் தரப்படுகின்றன. கோச்சிங் வகுப்புகளில் அதிகம் கேட்பது முதல் வழி: கேள்விகளை முதலில் படி, முக்கியச் சொற்களைக் குறித்துக்கொள், பிறகு பாசேஜில் அவற்றைத் தேடு. ஆண்டு, பெயர், இடம், காரணம் என்று நேராகக் கேட்டால் இது வேலை செய்யும். க்யூட் மொழித்தாளில் வரும் தகவல் சார்ந்த பாசேஜ்களுக்கு நன்றாகவே பொருந்தும். அங்கே 60 நிமிடத்தில் 50 கேள்விகள். மிச்சப்படும் ஒவ்வொரு நிமிடமும் கதை, இலக்கியப் பாசேஜ்களுக்கு உதவும்.

இந்த வழி எங்கே காலை வாரிவிடுகிறது என்பதை ஒரு சிறிய பயிற்சியில் பார்க்கலாம். சித்தன்னவாசலைப் பற்றி ஒரு பாசேஜ் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "ஓவியங்கள் மங்கியதற்கு ஈரமும் வெயிலுமே காரணம் என்பார்கள். ஆனால் வந்து போனவர்களின் கை பட்டதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை." கேள்வி, ஆசிரியரின் கருத்து என்ன? முதல் விடை, ஈரமும் வெயிலும் ஓவியங்களை மங்கச் செய்தன. மூன்றாவது விடை, சேதத்தில் மனிதர்களின் பங்கு பேசப்படாமலே போகிறது. சொல்லைத் தேடிப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது 'ஈரம்', 'வெயில்'. விடையிலும் அதே சொற்கள், டிக் அடித்துவிடுகிறார். 'என்பார்கள்' என்ற இடத்தில் ஆசிரியர் பிறர் கருத்தைச் சொல்கிறார், 'ஆனால்' என்ற இடத்தில் தன் கருத்துக்குத் திரும்புகிறார். இந்தத் திருப்பம் முழுதாகப் படித்தவருக்குத்தான் தெரியும். பாசேஜின் சொற்களை அப்படியே எடுத்துத் தவறான விடையில் வைப்பது வினாத்தாள் தயாரிப்பவர்களின் பழைய உத்தி. சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில்தான் இருக்கும்.

இரண்டாவது வழி, பாசேஜை முதலில் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கேள்விக்குப் போவது. இதற்கு வேகம் வேண்டும். கிளாட்டில் 120 நிமிடத்துக்கு 120 கேள்விகள், ஆங்கிலப் பகுதியில் 22 முதல் 26 வரை. ஒரு பாசேஜ் சுமார் 450 சொற்கள். நான்கு பாசேஜ், 24 கேள்வி, 24 நிமிடம் என்று கணக்கு வைப்போம். நிமிடத்துக்கு 100 சொல் படிப்பவருக்குப் படிக்கவே 18 நிமிடம் போய்விடும். ஒரு கேள்விக்குக் கிடைப்பது 15 விநாடி. 200 சொல் படிப்பவருக்கு 37 விநாடிக்கு மேல் கிடைக்கும். கிளாட்டில் சட்டம், நடப்பு நிகழ்வு, தர்க்கம் எல்லாமே பாசேஜாகத்தான் வருகின்றன. அதனால் வாசிப்பு வேகம் ஆங்கிலப் பகுதியோடு நிற்காமல் தேர்வு முழுவதையும் முடிவு செய்கிறது. மெதுவாகப் படிக்கும் மாணவரிடம் எந்த உத்தியைச் சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது.

வேகத்துக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது, பொருளறிவு. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டத்தை அறிந்தவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். நம் ஊருக்கு இதை மாற்றிப் பாருங்கள். வாடிவாசல், திமில், மாடுபிடி வீரர் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பாசேஜ் வந்தால், ஜல்லிக்கட்டு நடக்கும் தச்சங்குறிச்சி ஊர் மாணவர் தெரியாத சொல்லைக்கூட இடம் பார்த்து ஊகித்துவிடுவார். அதே மாணவர் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம் பற்றிய பாசேஜில் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று போவார். இரண்டு பாசேஜையும் படித்தது ஒரே மாணவர்தான், அதே ஆங்கிலத்தோடுதான்.

அதனால் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இரண்டாவது வழியே அடிப்படை என்று நினைக்கிறேன். அதற்கான முன்மாதிரி இந்த மாவட்டத்திலேயே உண்டு. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் குவாரித் தொழிலாளர்களையும் வயல்வேலை செய்த பெண்களையும் படிக்க வைத்தது. தெரிந்த வாழ்க்கையில் தொடங்கி, கூடி உட்கார்ந்து படித்து, படித்ததைப் பேசி வளர்ந்த வாசிப்பு அது. இன்றைய அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகத்தான் ஏறுகின்றன. ஆங்கிலத்துக்கும் இந்த ஏற்றம் தேவை. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை முதல் நாளே கையில் கொடுத்தால் பிள்ளை மிரண்டுவிடும். ஜல்லிக்கட்டுச் செய்தி, மழைச் செய்தி, உள்ளூர்க் கோயில் செய்தி என்று தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படிக்கவைத்து, 'இவர் என்ன சொல்ல வருகிறார்?' என்று தமிழிலேயே ஒரு வரியில் சொல்லச் சொல்லலாம். அந்த ஒரு வரி சரியாக வந்தால், மையக்கருத்து கேட்கும் கேள்வியில் பாதி முடிந்தது.

ஆனால் எந்த வழி என்பதைக் காலண்டரும் தீர்மானிக்கிறது. கிளாட் டிசம்பரில், அரையாண்டுத் தேர்வை ஒட்டி வருகிறது. அதற்குப் பிளஸ் ஒன்னிலேயே வாசிப்பைத் தொடங்கியாக வேண்டும். க்யூட் பொதுத்தேர்வு முடிந்தபின் வருவது. ஏப்ரலில்தான் விழித்துக்கொண்ட மாணவரிடம் நாளிதழ் படி என்று சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கேள்வி வகைகளைப் பிரித்தறியவும், 'ஆனால்', 'இருந்தாலும்' போன்ற திருப்பங்களில் நின்று பார்க்கவும், கடிகாரத்தை வைத்துப் பழைய வினாத்தாள் எழுதவும் கற்றுக்கொடுக்க வேண்டும். க்யூட்டில் சரியான விடைக்கு 5, தவறுக்கு ஒன்று கழிவு. கிளாட்டில் ஒரு மதிப்பெண், கால் கழிவு. நான்கில் இரண்டு விடைகளை நிச்சயமாக ஒதுக்கிவிட்டால், மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிப்பது இரண்டு தேர்விலும் லாபம்தான்.