யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடியோ விளையாட்டுப் பொறிகளின் விலையும் கேள்வியும்

வீடியோ விளையாட்டுப் பொறி என்பது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென அமைக்கப்பட்ட கணினி வகையாகும்; இலங்கையில் இது 'ரீவி கேம்' எனவும் வழங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இப்பொறிகளுக்கான கேள்வியை, அதாவது வாங்கும் வலுவோடு கூடிய விருப்பத்தை, நிறுவனங்கள் அறிவித்த விலையைவிட, மின்சாரம், தரைப்பாதை, விளையாட்டுத் தட்டுகளின் செலவு, ரூபாவின் மாற்று வீதம் ஆகியன சேர்ந்த மொத்தச் செலவே பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது.

பொருளியல் அடிப்படை

ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வாங்கக்கூடிய பொருள்கள் பிரதியீட்டுப் பண்டங்கள் எனப்படும். அவற்றுள் ஒன்றின் விலை மாறும்போது மற்றதன் கேள்வி எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறுக்குக் கேள்வி நெகிழ்ச்சி அளவிடுகிறது. 1995 மே மாதம் லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதலாவது ஈ3 வீடியோ விளையாட்டுக் கண்காட்சியில் சேகா நிறுவனம் தனது சற்றர்ன் பொறிக்கு 399 டொலரை அறிவிக்க, சொனி நிறுவனம் பிளேஸ்டேசனுக்கு 299 டொலரை அறிவித்தது. அந்த 100 டொலர் இடைவெளி சற்றர்னின் வீழ்ச்சிக்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாத பொருள்களோ நிரப்புப் பண்டங்கள் எனப்படும். பொறிக்கு விளையாட்டுத் தட்டும் மின்சாரமும் அத்தகையவை ஆதலால், அவற்றின் விலை உயர்ந்தாலும் பொறிக்கான கேள்வி குறையும்.

போர்க்காலம்

நின்டெண்டோ நிறுவனம் 1983 யூலையில் ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்ட ஃபமிகொம் பொறியின் நகல்கள் தாய்வான் முதலிய இடங்களில் மலிவாகச் செய்யப்பட்டுத் தெற்காசியா எங்கும் பரவின. 'மாரியோ', 'கொன்ட்ரா' போன்ற பல விளையாட்டுகளை ஒரே கசற்றில் அடக்கி, மேலட்டையில் ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை அச்சிட்டு, உள்ளே சிலவற்றையே திரும்பத் திரும்ப அடுக்கியிருந்த இந்த நகல்கள், பொறியின் விலையோடு விளையாட்டின் விலையையும் ஒருங்கே குறைத்தமையே அவற்றின் வெற்றிக்குக் காரணமாகும்.

எனினும் 1990 யூனில் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் மீண்டும் மூண்டதையடுத்துக் குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பற்றரிகளும் எரிபொருளும் அடங்கின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்னால் வானொலி கேட்டதும், பலர் காசு சேர்த்து ஜெனறேற்றரும் தொலைக்காட்சியும் 'டெக்' எனப்படும் வீடியோ நாடாக் கருவியும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் பார்த்ததும் அக்காலத்து வழக்கங்கள். இலவசமாகக் கிடைத்த பொறியைக்கூட இயக்குவது அரிதாயிருந்த அச்சூழலில், போட்டி நிறுவனங்களின் விலைக்குறைப்புக்குக் குடாநாட்டில் பொருளிருக்கவில்லை.

பாதை திறப்பும் மூடலும்

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறக்கப்பட்டு, கொழும்புச் சந்தை தரைவழியே எட்டும் தூரத்துக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் சொனி நிறுவனம் அமெரிக்காவில் பிளேஸ்டேசன் 2இன் விலையை 299 டொலரிலிருந்து 199 டொலராகக் குறைத்தது. தெற்காசியச் சந்தைகளில் பழுதுபார்ப்போர் இப்பொறிக்குள் சிறு சிப்பொன்றைப் பொருத்தி, பிரதி செய்த தட்டுகளும் ஓடும்படி செய்தமையால், மலிவான நிரப்புப் பண்டமும் அதற்கு வாய்த்தது. 2009இல் 99 டொலர்வரை இறங்கிய பிளேஸ்டேசன் 2, உலகில் 15 கோடிக்கு மேல் விற்றுள்ளது.

புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் பொறிகளிலும் மறைமுகச் செலவு உண்டு. இங்கிலாந்தின் 230 வோல்ற் மின்சாரமும் பால் எனப்படும் ஒளிபரப்பு முறையும் இலங்கைக்கும் பொதுவானவை ஆதலால், அங்கிருந்து வந்த பிளேஸ்டேசன் 2 அப்படியே இயங்கும். கனடாவிலிருந்து வந்ததோ 120 வோல்றுக்கு உரியது ஆதலால், அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியும், வட அமெரிக்க முறையை ஏற்கும் தொலைக்காட்சியும் தேவைப்பட்டன.

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டது. மூன்று மாதங்களின் பின் 499, 599 டொலர் விலைகளில் பிளேஸ்டேசன் 3 வெளிவந்தபோது, 249 டொலருக்கு விற்ற நின்டெண்டோவின் வீ பொறி உலகச் சந்தையில் அதனை முந்தியது. குடாநாடோ கடல், வான் வழிகளை நம்பி அடிப்படைப் பொருள்களுக்கே தட்டுப்பாட்டை எதிர்கொண்டது. 2009இல் போர் முடிந்து பாதை திறந்தது. 2013இல் குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மீண்டும் இணைக்கப்பட்டது.

நாணய நெருக்கடி

2020இல் 499 டொலருக்கு வெளிவந்த பிளேஸ்டேசன் 5இன் பெறுமதி, டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த 2022 தொடக்கத்தில் ஒரு இலட்சம் ரூபாவாகவும், டொலர் 360 ரூபாவை எட்டிய அதே ஆண்டு மே மாதத்தில் ஏறக்குறைய 1,80,000 ரூபாவாகவும் கணக்கிடத்தக்கது. இறக்குமதி வரியும் வணிகர் இலாபமும் இதற்குப் புறம்பானவை. உற்பத்தியாளர் எதையும் மாற்றாதபோதும், நுகர்வோருக்கு விலை நான்கே மாதங்களில் 80 வீதம் உயர்ந்தது. மேலும், 2024 நிலவரப்படி சொனியின் இணையச் சேவையில் பதிவு செய்யக்கூடிய நாடுகளுள் இலங்கை இல்லாமையால், வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, அந்நாட்டு நாணயத்திலேயே விளையாட்டுகளை வாங்க வேண்டியுள்ளது.

கைப்பேசியின் போட்டி

இந்நிலையில் பொறிகளுக்கு வலிய பிரதியீட்டுப் பண்டமாகக் கைப்பேசி எழுந்தது. 2017இல் வந்த 'ஃப்ரீ ஃபயர்', 2018இல் வந்த 'பப்ஜி மொபைல்' ஆகிய விளையாட்டுகளை விலையின்றித் தரவிறக்கலாம். வேறு தேவைகளுக்காக வாங்கிய கருவியிலேயே அவை ஓடுவதால், விளையாட்டுக்கெனத் தனிச் செலவு ஏறக்குறைய இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியபோதும், மின்னேற்றிய கைப்பேசி இயங்கியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்து, கைப்பேசிகளுக்கு இருந்த வரிவிலக்கும் நீங்கியபோதிலும், கைப்பேசி இன்றியமையாத பண்டமாகிவிட்டமையால் விளையாட்டுச் சந்தையில் அதன் முதன்மை குறையவில்லை. குடாநாட்டின் அனுபவத்தில், வாங்கும் விலை குறைந்த பொறியைவிட, வைத்து இயக்கும் செலவு குறைந்த கருவியே நிலைத்துள்ளது.