முட்டைக் கருவுக்கு ஆகாத கிடா

பென்னாகரம் பக்கம் முப்பது வருஷம் கால்நடை ஆய்வாளராக இருந்தேன். ஊர் ஊராகப் போய்ச் சினை ஊசி போடுவதுதான் பிழைப்பு. ஒருநாள் ஒரு கறவை மாட்டுக்குப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, சொம்பில் தண்ணீர் ஊற்றிய ஆயா கேட்டார்:

"சார், என் வெள்ளாடு ரெண்டு நாளா கத்திக்கிட்டே இருக்குது. அதுக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போங்களேன்."

"ஆட்டுக்கெல்லாம் ஊசி இல்ல ஆயா, கிடாகிட்ட ஓட்டிட்டுப் போங்க" என்றேன்.

ஏன் இல்லை என்று எனக்கே அப்போது தெரியாது.

மாட்டு ஊசியின் கதை நமக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமாரன் செய்ததைத்தான் இந்தியாவின் முதல் செயற்கைக் கருவூட்டல் என்கிறார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாடு, எடுத்த விந்தைக் கெடாமல் வைப்பது. திடீரென்று குளிர்ந்தாலே உயிரணு செத்துவிடும். 1940-இல் அமெரிக்காவில் பிலிப்ஸும் லார்டியும் கோழிமுட்டையின் மஞ்சள் கருவைக் கலந்து பார்த்தார்கள். அதிலுள்ள லெசித்தின் என்ற கொழுப்பு, உயிரணுவுக்குக் கம்பளி போர்த்தியது போல் ஆனது. 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசராலின் பயனைக் கண்டுபிடிக்க, உறைய வைக்கவும் வழி பிறந்தது.

எங்களுக்கு ஓசூர் கால்நடைப் பண்ணைதான் தாய்வீடு. 1824-இல் கம்பெனிப் படையின் குதிரைகளுக்காகத் தொடங்கிய இடம். 1965-இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்ததிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை அது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது.

உறைவிந்துக் குடுவையைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. இடுக்கியால் விந்து அடைத்த ஒரு குச்சியை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிஷம் வைக்க வேண்டும். பயிற்சியில் எங்கள் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். காரணம், நொதிகள். உயிரணுவின் தலையில் குல்லா மாதிரி ஒரு பை இருக்கிறது. ஹயலுரோனிடேஸ், அக்ரோசின் போன்ற நொதிகள் அதற்குள்தான் இருக்கும். சினைமுட்டையைச் சுற்றியுள்ள பசையையும் உறையையும் தாண்ட அவை வேண்டும். கவனமில்லாமல் உருக்கினால் குல்லா கிழிந்து நொதி வழியிலேயே கொட்டிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரணு துள்ளி நீந்தும். மாடு மட்டும் சினை பிடிக்காது.

ஆட்டுக்கு ஏன் ஊசி இல்லை என்பதும் பின்னாளில் ஒரு பயிற்சியில்தான் தெரிந்தது. அதிலும் ஒரு நொதி. 1957-இல் ராய் என்ற ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் எழுதினார்: கிடாவின் விந்தில், முட்டைக் கருவைத் திரிய வைக்கும் நொதி இருக்கிறது, அது கூப்பர் சுரப்பியில் ஊறுகிறது. அந்த நொதி லெசித்தினைப் பிளக்கும். பிளந்து வருவது உயிரணுவுக்கே விஷம். காளைக்குக் கம்பளியாக இருந்த முட்டைக் கரு, கிடாவுக்கு எமன். விந்தை இயந்திரத்தில் சுழற்றி, நொதியுள்ள நீரைக் கழுவி நீக்கலாம். மஞ்சள் கருவின் அளவைக் குறைக்கலாம். இப்படி ஆட்டுக்கும் உறைவிந்து செய்கிறார்கள். ஆனால் அது கூடுதல் வேலை, கூடுதல் செலவு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் வட்டாரத்தில் பொலிகாளைகள் இருந்தன, ஆலம்பாடிக் காளைகளும் இருந்தன. ஜெர்சி ஊசியும் டிராக்டரும் வர வர, காளைக்குத் தீனி போட ஆளில்லை. அந்த ஊசியைப் போட்ட கைகளில் என் கையும் உண்டு. இன்று ஆலம்பாடி இனத்தைக் காப்பாற்ற நம் மாவட்டத்திலேயே ஓர் ஆராய்ச்சி மையம் தேவைப்பட்டிருக்கிறது. கிடாவுக்கு அந்த நிலை வரவில்லை. நொதி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கிடா மந்தையோடு மேய்ந்துவிட்டு வரும், காளை மாதிரி தனித் தீனி கேட்காது, விற்றால் கறிக்கு விலையும் உண்டு.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு ஆயா வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். வாசலில் அந்த வெள்ளாடு இரண்டு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அட, கிடா தன் பொழப்ப விட்டுக்குடுக்கலன்னு சொல்லுங்க. காளைக்குத்தான் அந்தச் சூட்சுமம் தெரியாமப் போச்சு."