விளையாட்டுக்கு மதிப்பெண் போடுவது யார்?

ஆவடி என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எது? பெரும்பாலோர் கனரக ஊர்தித் தொழிற்சாலையைச் சொல்வீர்கள். 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ‘விஜயந்தா’ டாங்கி அங்கிருந்துதான் முதன்முதலாக உருண்டு வெளிவந்தது. டி-72 டாங்கியும் அர்ஜுனும் பின்னர் அங்கே கட்டப்பட்டன. ஒரு டாங்கி தரமானதா என்று சோதிப்பது எளிய வேலையன்று. எனினும் எதைச் சோதிக்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. கவசம் எவ்வளவு அடி தாங்கும், பீரங்கி எவ்வளவு தொலைவு குறி தவறாது சுடும், சேற்றிலும் மணலிலும் என்ன வேகத்தில் செல்லும் என்று அளந்து எண்ணாக எழுதிவிடலாம்.

இப்போது வேறொரு டாங்கியைப் பாருங்கள். இது எஃகால் ஆனதன்று, ஒளிக்கோடுகளால் ஆனது. 1980-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘பேட்டில்சோன்’ என்ற வீடியோ விளையாட்டை வெளியிட்டது. எட் ராட்பெர்க் என்பவர் அதனை வகுத்தவர். காசு போட்டு ஆடும் பெட்டியின் முன் நின்று, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பார்ப்பதுபோல் ஒரு திறப்பில் கண்ணை வைத்தால், பச்சைக் கோடுகளால் வரைந்த சமவெளியும் மலைகளும் தெரியும். இரண்டு கைப்பிடிகளையும் முன்னே தள்ளினால் டாங்கி நேராகச் செல்லும். ஒன்றை மட்டும் தள்ளினால் திரும்பும். மெய்யான டாங்கியும் இரு பக்கச் சங்கிலிப் பட்டைகளின் வேக வேறுபாட்டால்தான் திரும்புகிறது என்பது ஆவடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த விளையாட்டு நல்லதா? காசு போட்டவர்களுக்கு நல்லதாகத்தான் இருந்தது. மேலும் மேலும் காசு போட்டார்கள். அமெரிக்கத் தரைப்படையினரின் கண்ணிலும் அது பட்டது. ‘பிராட்லி’ என்ற கவச ஊர்தியில் பீரங்கி இயக்கும் வீரருக்குப் பயிற்சி தர இதனை மாற்றித் தர இயலுமா என்று கேட்டார்கள். ராட்பெர்க்குக்கு அதில் விருப்பமில்லை. இருந்தும் செய்து கொடுத்தார். 1981-இல் உருவான அந்தப் படைப் பதிப்பில் வண்டியை ஓட்ட முடியாது, சுடலாம், அவ்வளவுதான். குண்டு நேர்கோட்டில் பாயாமல் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப வளைந்து விழும். எதிரே நிற்பது பகைவன் ஊர்தியா, நம்மவர் ஊர்தியா என்று இனங்கண்ட பிறகே சுட வேண்டும். இரண்டே இரண்டு பெட்டிகள்தாம் செய்யப்பட்டன.

பொழுதுபோக்க வந்தவர் படைப் பதிப்பைச் சலிப்பூட்டுவது என்பார். படை அதிகாரி பழைய பதிப்பை வெறும் பொம்மை என்பார். இருவர் சொல்வதும் சரியே. ஆகவே ஒரு விளையாட்டை நன்று என்றோ தீது என்றோ எவரேனும் எழுதினால், எந்தக் கோலால் அளந்தீர் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த அளவுகோல்கள் எப்படிப் பிறந்தன, யார் யார் கைக்குப் போயின என்பதை இனிக் காண்போம்.

மேலட்டைப் படமும் உள்ளிருக்கும் கட்டங்களும்

1977-இல் அட்டாரி, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் கருவியொன்றை விற்கத் தொடங்கியது. ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனிப் பிளாஸ்டிக் பெட்டகத்தில் அடங்கியிருக்கும். நம் ஊரில் பிற்காலத்தில் ‘கேசட்’ என்று வழங்கிய பொருள்தான் அது. அக்கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட்டுகள். ஆயிரமன்று, இலட்சமன்று, வெறும் நூற்றிருபத்தெட்டு. இன்று கணிப்பொறிகளில் பெரிதும் வழங்கும் முறைப்படி தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டு வேண்டும் என்பதால், நீங்கள் இப்போது படிக்கும் இந்த வாக்கியத்தைக்கூட அதில் முழுமையாக வைக்க முடியாது!

அத்தனைச் சிறிய நினைவகத்தைக் கொண்டு திரையில் என்ன காட்ட முடியும்? சில சதுரங்களும் கோடுகளும்தாம். பெட்டியின் மேலட்டையிலோ கைதேர்ந்த ஓவியர் தீட்டிய விண்கலமும் வீரனும் பளபளக்கும். கத்தரிக்காயையாவது காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்கலாம். இதைப் பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செருகிய பிறகே உள்ளே இருப்பது தெரியும். இந்த இடைவெளியில்தான் விமர்சனம் பிறந்தது. ஆர்னி காட்ஸ், பில் குங்கெல் என்னும் நண்பர்கள் 1970-களின் இறுதியில் ‘வீடியோ’ என்ற அமெரிக்க இதழில் விளையாட்டுகளை ஆய்ந்து எழுதத் தொடங்கினர். 1981-இல் ‘எலெக்ட்ரானிக் கேம்ஸ்’ என்று தனி இதழே வந்துவிட்டது. அதே ஆண்டு பிரிட்டனிலும் ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ வெளிவந்தது.

வாங்குபவனுடைய சட்டைப் பையைக் காப்பதே அவர்களுடைய முதல் வேலை. அக்காவல் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை 1982-இன் இறுதி காட்டியது. ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’ திரைப்படம் ஓடிய ஓட்டத்தைக் கண்ட அட்டாரி, அதே பெயரில் விளையாட்டொன்றைக் கிறிஸ்துமஸுக்குள் கடைக்குக் கொண்டுவர விரும்பியது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற நிரலாளருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்து வாரம். ஆடியவர்கள் குழிக்குள் விழுந்து, ஏறி, மீண்டும் விழுந்து வெறுத்துப் போனார்கள். விற்காத கேசட்டுகளை 1983-இல் லாரிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தார்கள். இது வெறும் கதை என்று பலரும் எண்ணியிருந்தனர். 2014-இல் தோண்டிப் பார்த்தபோது கேசட்டுகள் உண்மையிலேயே வெளிவந்தன.

அமெரிக்காவில் வீட்டு விளையாட்டு வாணிகமே அப்போது சரிந்தது. ஒரு விளையாட்டு மட்டும் அதற்குக் காரணமன்று. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேசட்டில் அடைத்து விற்றதும், கடைகளில் சரக்கு மலைபோல் குவிந்ததும் முக்கிய காரணங்கள். இதழ்களும் விளம்பரமின்றி மூச்சுத்திணறின. விளையாட்டு நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில் வாழும் இதழ், அந்நிறுவனங்களின் சரக்கையே குறை சொல்ல வேண்டும். இந்தச் சங்கடம் அன்று தொடங்கியது, இன்றும் தீர்ந்தபாடில்லை.

பள்ளி மாணவர்கள் தந்த தீர்ப்பு

இதற்கிடையே இங்கிலாந்தில் லட்லோ என்ற சிற்றூரிலிருந்து 1984-இல் ‘க்ராஷ்’ என்னும் இதழ் வரத் தொடங்கியது. அதன் விமர்சகர்களில் பலர் அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள்! வகுப்பு முடிந்ததும் வந்து விளையாடிக் கருத்தைச் சொல்வார்கள். ஒரு விளையாட்டுக்கு ஒருவர் கருத்தோடு நிறுத்தாமல் மூவர் கருத்தைத் தனித்தனியே அச்சிட்டார்கள். ஒருவர் புகழ்ந்ததை மற்றவர் மறுப்பதும் உண்டு. கூடவே ஒவ்வொரு கூறுக்கும் நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண். ஜப்பானில் 1986-இல் தோன்றிய ‘ஃபாமிட்சு’ இதழில் நால்வர் ஆளுக்குப் பத்து வீதம் போட்டனர், மொத்தம் 40. முழு நாற்பதையும் ஒரு விளையாட்டு முதன்முறையாகப் பெற்றது 1998-இல்தான். அது நிண்டெண்டோவின் ‘செல்டா’ வரிசையில் வந்த ‘ஒகரினா ஆஃப் டைம்’.

படைப்புக்கு மதிப்பெண் போடுவது நமக்குப் புதிதன்று. ‘ஆனந்த விகடன்’ திரைப்படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போட்டு வந்ததைத் தமிழ் வாசகர் அறிவர். 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்குக் கிடைத்த 62½ மதிப்பெண்ணை இன்றும் பேசுகிறோம். விகடன் கணக்கில் அறுபது என்பது பெரும் பெருமை. பல ஆங்கில விளையாட்டு இதழ்களிலோ நூற்றுக்கு அறுபது என்றால் ‘பக்கத்திலேயே போகாதே’ என்று பொருள். எழுபதே சுமார் ரகம். எண் ஒன்றுதான். அதைப் போடுகிற கையின் வழக்கம் தெரியாமல் எண்ணை மட்டும் படிப்பது, சதமா அடியா என்று கேளாமல் நீளத்தைக் குறித்துக்கொள்வது போலாகும்.

இந்த வேறுபட்ட எண்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டிச் சராசரி எடுத்தால் என்ன? 2001-இல் தொடங்கிய ‘மெட்டாக்ரிட்டிக்’ என்னும் இணையத் தொகுப்பு அதைத்தான் செய்தது. நட்சத்திரம், எழுத்து, பத்துக்கு இத்தனை என எந்த வடிவில் இருந்தாலும் நூற்றுக்கு மாற்றி, சில விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை தந்து ஒரே எண்ணாகச் சுருக்கியது. யாருக்கு எவ்வளவு எடை என்பதை அது வெளியிடுவதில்லை. புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் உடனே முகம் சுளிப்பார்கள், சுளிக்கத்தான் வேண்டும். எடைகளைச் சொல்லாத எடையிட்ட சராசரியை எவரால் சரிபார்க்க முடியும்?

வாங்குபவனுக்காகப் பிறந்த எண் மெல்ல மெல்ல வேறொருவர் கைக்குப் போயிற்று. 2010-இல் ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ என்ற விளையாட்டு வந்தது. ஆக்கியது ஆப்ஸிடியன் நிறுவனம், வெளியிட்டது பெதெஸ்தா. மெட்டாக்ரிட்டிக்கில் 85 கிடைத்தால் ஆக்கியவர்களுக்கு ஊக்கத்தொகை என்பது ஒப்பந்தம். கிடைத்தது 84. அந்த ஒரு மதிப்பெண்ணால் தொகை கைநழுவிய செய்தி 2012-இல் வெளியே தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மதிப்பெண்ணால் இடம் இழந்தவர்களுக்கு இந்த வலி விளங்கும். ஆனால் விடைத்தாளுக்கு மறுகூட்டல் உண்டு. இங்கே அதுவும் இல்லை.

2020 டிசம்பரில் போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் ‘சைபர்பங்க் 2077’-ஐ வெளியிட்டது. முன்கூட்டியே விமர்சகர்களுக்குக் கொடுத்தது கணிப்பொறிப் பதிப்பை மட்டும். அதை ஆடியவர்கள் உயர்ந்த மதிப்பெண்கள் அளித்தார்கள். பழைய பிளேஸ்டேஷன் கருவியில் வாங்கியவர்களுக்கு வாய்த்ததோ இடையிடையே நின்றுபோகும் பதிப்பு. சில நாட்களிலேயே சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதை அகற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. எதைக் கொடுத்தார்களோ அதை விமர்சகர்கள் ஆய்ந்தார்கள். எதைக் கொடுக்கவில்லை என்பதுதான் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

கடைக்காரர் சொல்லே விமர்சனம்

நம் பக்கம் வருவோம். 1990-களில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பிள்ளைகள் ஆடியவை பெரும்பாலும் ஜப்பானின் ‘ஃபாமிகாம்’ கருவியைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள். வீட்டில் இல்லாதவர்கள் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கடையில் ஆடினார்கள். மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை சென்று, ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ கேசட் வாங்கி வருவது ஒரு நாள் பயணம். ‘9999 விளையாட்டுகள்’ என்று மேலே அச்சிட்டிருக்கும். உள்ளே சில பத்து விளையாட்டுகளே வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஓடாவிட்டால் கேசட்டின் அடியில் வாயால் ஊதிச் செருகுவார்கள். ஊதுவதால் நன்மையில்லை, எடுத்து மீண்டும் செருகும்போது உலோக முனைகள் சரியாகத் தொடுவதே அது ஓடியதற்குக் காரணம்.

லட்லோவில் பள்ளி மாணவன் எழுதினான். இங்கே பள்ளி மாணவனுக்குக் கடைக்காரர் சொன்னதே விமர்சனம், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதே தீர்ப்பு. திரைப்படத்தைப் பிரித்து மேய்ந்த தமிழ் இதழ்கள் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டன. இன்று தமிழில் இதுபற்றிய பேச்சு பெரும்பாலும் காணொளிகளில்தான் நடக்கிறது. எழுத்தில் வருவது மிக அரிது. இதனால் இழப்பு என்ன என்று கேட்பீர்களானால், அண்மையில் வந்த ஒரு விளையாட்டைச் சொல்கிறேன்.

2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’ வெளிவந்தது. ஆக்கியவர்கள் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ‘விசை’ குழுவினர். அபி என்னும் தமிழர் அதன் வடிவமைப்பாளர். 1980-களின் இறுதியில் கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் கதை இது. டாங்கியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அம்மா எழுதிய சமையற்குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது; விடுபட்ட வரியை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்க வேண்டும். வானொலியைத் திருப்பினால் தமிழ்ப் பாட்டு.

விமர்சகர்கள் பெரும்பாலோர் பாராட்டினார்கள். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டு என்று பரிசளித்தது. தனிக்குழுக்களின் படைப்புகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவிலும் முதற்பரிசு அதற்கே. குறை சொன்னவர்கள் பெரும்பாலும் இரண்டைச் சொன்னார்கள்: ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, புதிர்கள் எளியவை. முதற்குறை சட்டைப் பையைக் காக்கும் பழைய கோல். கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அது. கதையின் அளவே அவ்வளவுதான் என்பது என் கருத்து. சிறுகதையைப் பக்கம் குறைவு என்று யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

இரண்டாவது குறை இன்னும் சுவையானது. முதல் அத்தியாயத்தின் புதிர், இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேர்மேலே அமர்ந்தால் கீழே உள்ள மாவு உப்ப இடமில்லாமல் நசுங்கும். ஆவியும் சரியாகச் சுற்றாது. மாற்றித் திருப்பி அடுக்க வேண்டும். இட்லிப் பானையைப் பார்த்திராத நியூயார்க் விமர்சகருக்கு இது ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டிய பொறியியல். அம்பத்தூரில் நாள்தோறும் காலையில் அம்மாவுக்குத் தட்டு எடுத்துக் கொடுக்கும் மாணவிக்கோ இரண்டு நொடி வேலை. அவள் இதற்குக் கடினத்தில் சுழியம் போடுவாள். ஆனால் பின்னால் வரும் ஓர் அத்தியாயத்தில், தமிழ் வாசிக்கத் தடுமாறும் கவின் தன் பாட்டியின் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு திணறும் இடத்தில் அவள் எத்தனை மதிப்பெண் போடுவாள் என்பது எந்தச் சராசரியிலும் இன்னும் சேரவில்லை.