சிங்கப்பூரில் தங்க இடம் தேடுகிறீர்களா? 'சிராங்கூன்' என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

பள்ளி விடுமுறையும் தீபாவளியும் நெருங்கினால், சிங்கப்பூருக்கு ஒரு நடை போய் வரலாம் என்ற பேச்சு தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து வீடுகளிலும் தொடங்கிவிடும். எங்கே தங்குவது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பார்." பதில் சரிதான். சேலை, நகை, பூ, சைவச் சாப்பாடு, கோயில் எல்லாம் அங்கே நடக்கும் தூரத்தில் உள்ளன. சிக்கல் அந்தப் பெயரில் இருக்கிறது.

நம் ஆட்கள் சிராங்கூன் என்று சொல்வது, சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் உள்ள லிட்டில் இந்தியாவை. சிங்கப்பூர்த் தமிழர்கள் அதையே தேக்கா என்பார்கள். ஆனால் எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் 'சிராங்கூன்' என்ற பெயரில் தனியாக ஒரு நிலையம் உண்டு. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஃபேரர் பார்க், பூன் கெங், போத்தோங் பாசிர், உட்லீ ஆகியவற்றைக் கடந்து ஐந்தாவதாக வருவது அது. அங்கே இறங்கினால் நெக்ஸ் பேரங்காடியும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும்தான் கண்ணில் படும். வீரமாகாளியம்மன் கோயிலைத் தேடி அங்கே நிற்பவர், பெட்டியை இழுத்துக்கொண்டு மறுபடியும் ரயில் ஏற வேண்டியதுதான்.

இணையத்தில் அறை தேடும்போதும் இதே குழப்பம் வரும். பட்டியலில் 'சிராங்கூன்' என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், முகவரியின் அஞ்சல் குறியீட்டைப் பார்க்க வேண்டும். ஆறு இலக்கங்களில் முதல் இரண்டு 20 அல்லது 21 என்றிருந்தால் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் வட்டாரம். 53, 54, 55 என்று தொடங்கினால் தொலைவில் உள்ள சிராங்கூன், ஹவ்காங் பக்கம். சிராங்கூன் சாலையிலேயே முகவரி என்றால் கட்டட எண்ணும் உதவும். வீரமாகாளியம்மன் கோயிலின் எண் 141, சீனிவாசப் பெருமாள் கோயிலின் எண் 397. இவ்விரண்டு எண்களுக்கு நடுவிலோ, 141-க்கும் குறைவாகவோ இருந்தால் கடைவீதியின் மடியிலேயே தங்குகிறீர்கள் என்று அர்த்தம். எண் கூடக் கூடச் சாலை வடகிழக்கே விலகிப் போகும்.

(தேக்கா சந்தைக்குப் பழைய பெயர் கண்டாங் கெர்பாவ். மலாய் தெரிந்த நமக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. மாட்டு வணிகம் நடந்த இடம் என்பதை இன்றும் பஃப்ளோ ரோடு என்ற தெருப்பெயர் நினைவூட்டுகிறது.)

லிட்டில் இந்தியாவில் தங்குவதில் கோயிலும் கடையும் தவிர இன்னொரு லாபமும் உண்டு. அந்த நிலையத்தில் இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கின்றன. வடகிழக்குப் பாதையில் மூன்றாவது நிலையம் சைனாடவுன். 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. ஐந்தாவது நிலையமான ஹார்பர்ஃபிரன்டில் இறங்கினால் செந்தோசாவுக்குப் போகலாம். டவுன்டவுன் பாதையில் ஏறினால் ரயில் மாறாமல் நான்காவது நிலையம் பேஃபிரன்ட். மரினா பே சாண்ட்ஸும் கரையோரப் பூந்தோட்டமும் அங்கே. முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு, ரயில் மாறாமல் போக முடிகிறதா என்பது அறையின் அழகைவிட முக்கியம்.

பேருந்தில் வருகிறவர்களுக்கும் இவ்வட்டாரம் வசதி. லார்க்கினிலிருந்து புறப்படும் 170-ஆம் எண் பேருந்தும் ஜொகூர் விரைவுப் பேருந்தும் வந்து சேரும் குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து தேக்காவுக்கு நடந்தே வந்துவிடலாம். கோலாலம்பூரிலிருந்து இரவுப் பேருந்து பிடித்து விடியற்காலையில் வந்திறங்குகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான ஹோட்டல்கள் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தரும். பெட்டிகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். வைத்துக்கொள்வார்கள் என்றால் கவலை இல்லை. கோயில் நடை திறந்திருக்கும், தேக்கா சந்தையில் காலைப் பசியாறலாம்.

அறையைப் பற்றியும் சில விவரங்கள். இவ்வட்டாரத்து மலிவு விடுதிகள் பல, பழைய கடைவீட்டு வரிசைகளுக்குள் கட்டப்பட்டவை. முன்புறம் குறுகலாகவும் உள்பக்கம் நீளமாகவும் இருக்கும் கட்டடங்கள் என்பதால் நடுவில் அமையும் அறைகளுக்குச் சன்னல் இருக்காது. சன்னல் இல்லை என்பதைப் பதிவுப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மின்தூக்கி இல்லாத கட்டடங்களும் உண்டு. இளைஞர்கள் இரண்டு பேர் என்றால் படுக்கை மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் விடுதிகள் போதும், கழிவறை பொது. கைக்குழந்தையோடும் பாட்டியோடும் போகிறவர்கள் அதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

"நாம் ஆறு பேர், ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு அங்கே எடுபடாது. ஓர் அறைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. தங்குகிறவர்களின் கடப்பிதழையும் பார்த்துப் பதிவு செய்வார்கள். முன்பணமாகக் கடன் அட்டை கேட்கும் ஹோட்டல்களும் பல. ரொக்கம் மட்டும் கொண்டு போகிறவர்கள் முதலிலேயே கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் நின்று கணக்குப் போட வேண்டும். முதல் கூட்டல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். அதையும் சேர்த்த தொகைக்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 2024 ஜனவரி முதல் இந்த விகிதம்தான். ஆக, 100 வெள்ளி என்று காட்டும் அறைக்குக் கட்ட வேண்டியது 119 வெள்ளி 90 காசு. 150 வெள்ளி அறையில் மூன்று இரவு தங்கினால் 450 அல்ல, 539 வெள்ளி 55 காசு. கூடுதலாக வரும் அந்த 89 வெள்ளி 55 காசை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தால் மனம் பதறும்.

இந்த விலையைப் பார்த்துத்தான் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். "தேக்கா பக்கத்தில் அடுக்குமாடி வீடு, முழுக் குடும்பமும் தங்கலாம், ஓர் இரவுக்கு இவ்வளவு" என்று புலனத்தில் வரும் அறிவிப்புகளுக்கு முன்பணம் அனுப்புகிறார்கள். இதில் கவனம் தேவை. சிங்கப்பூரில் தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்கு என்றுதான் வாடகைக்கு விட முடியும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள், அதாவது அங்குள்ளவர்கள் 'வீவக வீடு' என்று சொல்பவை, 6 மாதத்துக்குக் குறைந்து விடப்படக் கூடாது. சுற்றுப்பயணிகளுக்கு விடவே கூடாது. ஓரிரு இரவுக்கு வீடு தருவதாகச் சொல்கிறவர் சட்டத்தை மீறுகிறார். தனியார் வீடு என்றால் அபராதம் 200,000 வெள்ளி வரை போகலாம். வீவக வீடு என்றால் வீடே கையைவிட்டுப் போகலாம். அதனால், அண்டை வீட்டார் புகார் செய்தாலோ அதிகாரிகள் வந்தாலோ அவர் கதவைத் திறக்காமலும் தொலைபேசியை எடுக்காமலும் இருந்துவிடுவார். கட்டிய பணத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது? வீடே இல்லாமல் படத்தை மட்டும் போட்டு ஏமாற்றுகிறவர்களுக்கும் இது வசதியாகிவிடுகிறது. சொந்தக்காரர் வீட்டில் விருந்தினராக, பணம் கொடுக்காமல் தங்குவது வேறு. அதில் தவறில்லை.

ஹோட்டல்கள் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். பெயர் தெரியாத விடுதி என்றால், சிங்கப்பூர்ச் சுற்றுலாக் கழகத்தின் உரிமப் பட்டியலில் அது உள்ளதா என்று தேடிப் பார்க்கலாம். தங்கும் முகவரி இன்னோரிடத்திலும் தேவைப்படும். மலேசியர்கள் உட்பட வருகையாளர்கள் அனைவரும் மின்வருகை அட்டையை, வரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத்துடையது அல்ல.

அப்படியானால் ஜொகூர் பாருவில் தங்கி, தினமும் பாலம் கடந்து போய் வந்தால் என்ன? பணம் மிச்சமாகும் என்பதில் சந்தேகமில்லை. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டிய காலம் இது. ஆனால் போக இரண்டு சோதனைச் சாவடி, வர இரண்டு. பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான்; பள்ளி விடுமுறை வாரத்தில் அந்த ஒரு கிலோமீட்டரே அரை நாளை விழுங்கிவிடும். ஒரே நாள் போய் வர ஜொகூர் பாரு சரி. மூன்று நாள் சுற்ற நினைக்கும் குடும்பம், கடைசி இரவையாவது அங்கே தங்கலாம். மண்டாய் விலங்குத் தோட்டம் வடக்கே, உட்லண்ட்ஸுக்குப் போகும் திசையில் இருப்பதால், வீடு திரும்பும் நாளில் அதைப் பார்த்துவிட்டு அப்படியே பாலம் ஏறிவிடலாம். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஓடவிருக்கும் ஆர்டிஎஸ் ரயிலை 2026 இறுதியில் தொடங்கத் திட்டம். அது ஓடத் தொடங்கினால் இந்தக் கணக்கு மாறக்கூடும்.

கேலாங்கில் அறை மலிவு என்று பட்டியல் காட்டும். அங்குள்ள சில லோரோங்குகள் சிவப்பு விளக்குப் பகுதி. பிள்ளைகளோடு போகிறவர்கள் லோரோங் எண்ணைப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

லிட்டில் இந்தியாவிலும் எந்த நாளில் போய் இறங்குகிறோம் என்பது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். பலருக்கு அதுதான் வாரத்தின் ஒரே ஓய்வு நாள். காசு அனுப்பவும், ஊர்க்காரரைப் பார்க்கவும், ஊர்ச் சாப்பாடு சாப்பிடவும் வருகிறார்கள். பயப்பட எதுவுமில்லை. பெட்டியோடும் தள்ளுவண்டியோடும் நடைபாதையில் நகர முடியாது, அவ்வளவே. சனிக்கிழமை காலையிலோ திங்கட்கிழமையோ போய்ச் சேரலாம். 2013 டிசம்பரில் ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரல் முதல் இது மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம். வார இறுதியில் பொது இடத்தில் மது அருந்த முழுத்தடை. ஹோட்டல் வாசலில் நின்று ஒரு டின் திறந்தாலும் அபராதம்தான்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அறை கிடைப்பதே அரிது. கேம்பல் லேன் பக்கம் சந்தை போட்டிருப்பார்கள், இரவு வெகுநேரம் சத்தம் இருக்கும். தைப்பூசத்தன்று காவடிகள் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும். அங்கே அது பொது விடுமுறை அல்ல என்றாலும் சிராங்கூன் சாலையில் தடங்களை அடைத்துவிடுவார்கள். காவடி பார்க்கவே போகிறவர்களுக்கு ஃபேரர் பார்க் பக்கத்து அறை பொன்னான இடம். தூங்க வேண்டும் என்கிறவர்கள் அன்றைக்கு மட்டும் சைனாடவுன் பக்கம் தள்ளித் தங்கட்டும். ரயிலில் மூன்றே நிலையம்.