உச்சநிலைச் சொல்லும் அதன் எல்லையும்

திருத்தணி, தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லையூர். 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், நெடிய போராட்டத்திற்குப் பின் 1960 ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1888-இல் அப்பகுதியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் தாய்மொழி தெலுங்கு. திருத்தணியிலும் திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் பயின்ற அவர், 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார்.

அத்தகைய ஊரின் மாணவர்கள் ஆங்கில இலக்கணத்தில் தயங்கி நிற்கும் இடங்களுள் ஒன்று, ‘சூப்பர்லேட்டிவ்’ எனப்படும் உச்சநிலைப் பெயரடை. அத்தயக்கத்திற்குக் காரணமும் உண்டு. ‘ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட்’ என ஆங்கிலம் சொல்லின் ஈற்றை மாற்றியே ஒப்புமையை உணர்த்துகிறது. தமிழில் அத்தகைய விகுதி இல்லை, தெலுங்கிலும் இல்லை. நாம் ‘எல்லாவற்றையும் விடச் சிறியது’ என்பதைத் தெலுங்கர் ‘அன்னிட்டிகன்டே சின்னதி’ என்பர். இரு மொழிகளும் வாக்கிய அமைப்பாலேயே அதனை உணர்த்துகின்றன. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இவ்வியல்பைச் சுட்டியுள்ளார்.

ஆங்கிலத்திலும் இம்முறை ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. ‘எஸ்ட்’ என்னும் ஈறு பழைய ஆங்கிலத்திலேயே உள்ளது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் பெருகின. ‘பியூட்டிஃபுல்’ போன்ற நெடுஞ்சொற்களுக்கு முன் ‘மோஸ்ட்’ சேர்க்கும் முறையும் காலப்போக்கில் பரவியது. ஷேக்ஸ்பியர் காலத்தவர் இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தவும் தயங்கவில்லை. பின்னாளில் லண்டன் ஆயராக விளங்கிய ராபர்ட் லவுத், 1762-இல் வெளியிட்ட தம் இலக்கண நூலில் இவ்விரட்டிப்பைப் பிழையென்றார். ஆயினும் ஓரிடத்திற்கு விலக்களித்தார். சங்கீத நூலின் பழைய மொழிபெயர்ப்பில் இறைவனைக் குறிக்க வரும் ‘மோஸ்ட் ஹையஸ்ட்’ என்னும் தொடர் பொருத்தமானதே என்றார். உயர்ந்தவை அனைத்திலும் உயர்ந்தவன் அவன் என்பதே அவர் கூறிய காரணம்.

இதனைப் படிக்கும்போது நம் நெஞ்சில் பாங்கொலி எழாமல் இராது. ராதாகிருஷ்ணன் பயின்ற அதே வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி உள்ளது. இத்தகைய கல்விக்கூடங்களில் ஓதும் மாணவர், ‘கபீர்’ என்பதிலிருந்து ‘அக்பர்’ பிறப்பதை ‘இஸ்முத் தஃப்ளீல்’ என்னும் பாடத்தில் கற்பர். அரபியில் அவ்வொரு வடிவமே இரு நிலைகளுக்கும் உரியது. ‘மின்’ சேர்ந்தால் ‘அதைவிடப் பெரியது’. ‘அல்’ சேர்ந்தால் ‘மிகப் பெரியது’. ஆங்கிலமும் உச்சநிலைக்கு முன் ‘தி’ சேர்ப்பதை ஒப்புநோக்குக. ‘அல்லாஹு அக்பர்’ என்னும்போதோ ‘மின்’னும் இல்லை, ‘அல்’லும் இல்லை. எதனினும் பெரியவன் என்று எல்லை கட்டப்படவில்லை.

எல்லையின்றிச் சொல்லும் உரிமை படைத்தவனைப் பற்றிய சொல்லுக்கே உண்டு. படைப்புகளைப் பற்றிப் பேசும்போது, எக்கூட்டத்துள் உயர்ந்தது, எந்த அளவையால் உயர்ந்தது என்று கூறுதல் வேண்டும். வகுப்பிலே உயரமானவன் ஊரிலே உயரமானவன் ஆகான்.

இவ்விதியை மறந்ததன் விளைவை நம் நாடு கண்டிருக்கிறது. 1835-இல் மெக்காலே தம் கல்விக் குறிப்பில், நல்ல ஐரோப்பிய நூலகமொன்றின் ஒரு தட்டு நூல்களே இந்திய, அரபு இலக்கியங்கள் முழுமைக்கும் ஈடாகும் என்று தீர்ப்பளித்தார். சமஸ்கிருதமும் அரபியும் தமக்குத் தெரியாதென்று அக்குறிப்பிலேயே அவர் ஒப்புக்கொண்டுமிருக்கிறார். ஒப்பிட வேண்டிய இரண்டில் ஒன்றை மூலத்தில் அறியாமல் எழுதிய அந்த ஒப்பீடு, ஒரு நாட்டின் கல்விப் பாதையையே திருப்பிவிட்டது.

நம் பிள்ளைகள் ‘குட், பெட்டர், பெஸ்ட்’ என்று மனனம் செய்யட்டும்; ஆங்கிலம் அவர்களுக்கு அவசியம். அத்துடன், ‘பெஸ்ட்’ என்று எவரேனும் முழங்கும்போது, ‘எவற்றுள்? எந்த அளவையால்?’ என்று வினவவும் பழகட்டும். நம் மொழியையும் நம் சமுதாயத்தையும் நாமே புகழும்போதும் அவ்வினா நம்மிடமிருந்தே எழுதல் வேண்டும்.