கச்சான் காற்றும் மரவள்ளியும்

ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாச் சரிவுகளில் வீசும் வறண்ட கச்சான் காற்றே அப்பகுதித் தேயிலைக்கு உலகறிந்த நறுமணத்தை அளித்தது. அதே காற்று பூனாகலை போன்ற தோட்டங்களில் லயத்து வாசற் கீரைப் பாத்திகளைக் கருக்கியும் விட்டது. துரைமாருக்கு வாய்த்த பருவம் தொழிலாளியின் அடுப்புக்குப் பகையாயிற்று!

ஆதலின் வறட்சி தாங்கும் செடியைத் தெரிந்தெடுப்பது அங்கே பொழுதுபோக்கன்று. அவ்வாறு தேர்ந்தவற்றுள் மரவள்ளி தலையாயது. தென்னமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கை ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராஃப் 1786இல் மொரீசியசிலிருந்து இலங்கைக்குத் தருவித்தார் என்பர். நீர் குறைந்தால் இது இலையை உதிர்த்துக் கிழங்கின் மாச்சத்தைக் காத்து நிற்கும். அறுவடைக்கு நாட்குறிக்க வேண்டுவதில்லை; அன்றன்றைக்கு வேண்டிய செடியைப் பிடுங்கினாற் போதும். நன்றாக அவித்தே உண்ணுதல் வேண்டும். இதனுடன் இஞ்சி ஆகாது என்பது வீட்டுப் பெரியோர் விதித்த கட்டுப்பாடு.

1973-74இல் உணவுப் பங்கீடு சுருங்கியது. தோட்டப் பகுதிகளில் இறப்பு விகிதம் உயர்ந்தது. அந்நாளில் இலங்கை முழுவதும் சோற்றுக்கு ஈடாய் நின்றவற்றுள் மரவள்ளியும் ஒன்று. லயத்து மக்களுக்கோ வாசல் மண்ணும் சொந்தமன்று. வேறு லயத்துக்குப் பெயர்ந்தாலும், முற்றிய தண்டில் ஒரு சாண் துண்டை முறித்துச் சென்று அங்கே ஊன்றிவிடலாம்.