பீப்ஸ் எடுத்த சபதங்கள்

ஜனவரி பிறந்தால் நானும் ஒரு நோட்டில் பட்டியல் போடுவேன். பிப்ரவரி பாதியில் அந்த நோட்டு எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. சரி, நமக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடியபோது சாமுவேல் பீப்ஸ் வந்து மாட்டினார்.

லண்டன் தையல்காரர் ஒருவரின் மகன். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1660 ஜனவரி 1-ம் தேதி சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அதே வருஷம் ஆங்கிலேயக் கடற்படை வாரியத்தில் நல்ல பதவியும் கிடைத்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சட்டப்படி புது வருஷம் மார்ச் 25-ல்தான். ஆனாலும் பீப்ஸ் டிசம்பர் 31 அன்றே உட்கார்ந்து, கையில் எவ்வளவு இருக்கிறது, வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கணக்குப் பார்த்துவிடுவார்.

1661 டிசம்பர் 31-ம் தேதிக் குறிப்பில் ஒரு சபதம் இருக்கிறது. இனி ஒயினும் கிடையாது, நாடகமும் கிடையாது. இரண்டும் அவருடைய பணத்தையும் நேரத்தையும் தின்றுகொண்டிருந்தன.

மனுஷன் சும்மா சொல்லிவிட்டு விடவில்லை. சபதங்களை எழுதி வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் படிப்பார். மீறினால் அபராதம்; அந்தக் காசு ஏழைகளுக்கான உண்டியலுக்குப் போகும். சில சபதங்களுக்குக் கெடுவும் உண்டு. 1662 செப்டம்பர் 29-ல் அப்படி ஒரு கெடு முடிந்தது. இன்றைக்கு ஒருநாள் லீவு, அப்புறம் மறுபடி சபதம் என்று தீர்மானித்து நாடகத்துக்குப் போனார். பார்த்தது ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்'. வாழ்நாளில் இவ்வளவு சப்பென்ற நாடகத்தைப் பார்த்ததில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்!

ஓட்டை தேடுவதிலும் ஆள் கெட்டிக்காரர். 1663 அக்டோபர் 29-ல் லண்டன் மேயர் விருந்து. எல்லோரும் ஒயின் குடிக்க, இவர் ஹிப்போகிராஸ் குடித்தார். அது சர்க்கரையும் மசாலாவும் போட்ட ஒயின்தான். ஆனால் அவர் கணக்கில் அது வெறும் கலவைப் பானம், ஒயின் இல்லை, அதனால் சபதம் உடையவில்லையாம். டயட்டில் இருந்துகொண்டு, பழம் போட்ட கேக் பழக்கணக்கில்தான் சேரும் என்று நாம் சொல்வோமே, அதே கதைதான்.

இதோடு நிறுத்தினால் பீப்ஸ் தோற்றுப்போனவர்தான். ஆனால் சபதம் எடுத்த சில வாரங்களிலேயே, 1662 ஜனவரி கடைசியில், இன்னொரு குறிப்பு இருக்கிறது. ஒயினை விட்டதிலிருந்து உடம்பு தேவலை, வேலையில் கவனம் கூடியிருக்கிறது, செலவும் வீண்பொழுதும் குறைந்திருக்கின்றன என்கிறார்.

அப்படி மிச்சமான நேரம் எங்கே போனது? அந்த ஜூலையில் பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் பட்டதாரிக்கு 29 வயதில் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது. கப்பல் கட்ட மரம் வாங்குகிற இலாகாவில் இருந்துகொண்டு கணக்குத் தெரியாவிட்டால், வியாபாரி சொன்னதுதான் அளவு. அதனால் 'ராயல் சார்லஸ்' கப்பலில் பணியாற்றிய கூப்பர் என்பவரிடம் கணக்குப் படித்தார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வாய்ப்பாட்டை உருப்போட்டார். ஆகஸ்டில் கப்பல் கட்டுநர் ஆந்தனி டீன் அவரைக் காட்டுக்கே அழைத்துப்போய் மரம் அளக்கக் காட்டிக்கொடுத்தார்.

முந்தின ராத்திரி குடித்தவன் நாலு மணிக்கு எழுந்திருப்பானா? சபதத்தில் ஓட்டை இருந்தது உண்மை. ஆனால் அந்தக் காலை நேரங்களை அவருக்கு வாங்கிக்கொடுத்ததில் அந்த ஓட்டைச் சபதத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

பிற்பாடு அவர் கடற்படைத் தலைமைச் செயலர் ஆனார். 1677-ல் லெப்டினன்ட் ஆக வேண்டுமென்றால் தேர்வில் தேறவேண்டும் என்று கொண்டுவந்தவர் அவர்தான். 1684 முதல் 1686 வரை ராயல் சொசைட்டியின் தலைவர். 1687-ல் வெளிவந்த நியூட்டனின் 'பிரின்சிபியா' தலைப்புப் பக்கத்தில், நியூட்டன் பெயருக்குக் கீழே அச்சிட அனுமதி தந்தவராக பீப்ஸ் பெயர் இருக்கிறது. 29 வயதில் வாய்ப்பாடு படித்தாரே, அதே ஆள்!

நான் இத்தனை வருஷமும் சபதம் உடைந்ததா இல்லையா என்று மட்டும்தான் பார்த்தேன். உடைவதற்கு முன் கிடைத்த நாட்களில் என்ன செய்தேன் என்று கேட்டதே இல்லை. இந்த முறை பட்டியல் சின்னதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் படிப்பதாக இருக்கிறேன்.